"ஒன் ராசகுமாரி எப்பட்டி சோறு திங்கா?"

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, முதல் மாயாஜால நாவலை எழுதி முடித்துவிட்டேன். அடுத்ததற்கு உட்கார்ந்தால் புது நாயகி வரமாட்டேன் என்கிறாள். யாரை எழுதினாலும் பழைய நாயகியே வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஆளை எங்கிருந்து பிடிக்கிறீர்கள்?"

தம்பி, நோய் என்னவென்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சேலையிலிருந்து தொடங்குகிறோம், அதுதான் சிக்கல். கண் என்ன நிறம், கூந்தல் எவ்வளவு நீளம், கையில் என்ன ஆயுதம், பிறக்கும்போது என்ன வரம் என்று பட்டியல் போட்டு, கடைசியில் அதற்குள் ஒரு பெண்ணைத் திணிக்கப் பார்க்கிறோம். பட்டியலை எப்படி மாற்றினாலும் உள்ளே போவது நமக்குத் தெரிந்த ஒரே ஆள்தான்.

நானும் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவள். என் முதல் நாயகி கொற்கைத் துறைமுகத்து இளவரசி. முத்துப் பதித்த வாள், வெள்ளைக் குதிரை, கோபம் வந்தால் கடல் பொங்கும். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல் மூன்று அத்தியாயங்களைப் பெரியம்மையிடம் வாசித்துக் காட்டினேன். பெரியம்மை உடன்குடிப் பக்கம் வாக்கப்பட்டுப் போய் முப்பது வருசம் கருப்பட்டி காய்ச்சியவர். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, "வாளைச் சுத்துதா, குதிரை ஓட்டுதா, எல்லாஞ் சரி. ஒன் ராசகுமாரி எப்பட்டி சோறு திங்கா?" என்றார்.

எனக்குக் கோபம். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் படித்தால், உண்மைதான். அவளுக்குச் சமைத்துப் போடுகிறவர் யாரும் இல்லை. அவள் யாருக்கும் போடவும் இல்லை. யாரிடமும் கடன் வாங்கவில்லை, யாருக்காகவும் வாசலில் நின்று வழி பார்க்கவில்லை. ஒரு மனுஷியோடும் கொடுக்கல் வாங்கல் இல்லாதவள் ஊரைக் காப்பாற்றினால் என்ன, காப்பாற்றாவிட்டால் என்ன?

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். முகத்தைத் தேடுவதில்லை, வேலையைத் தேடுகிறேன். ஒரு பெண் தினமும் தன் கையால் செய்கிற வேலை. நம்ம பக்கத்து வேலைகளுக்குள் ஏற்கெனவே பாதி மந்திரம் இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் நாம் எழுதவேண்டும்.

பெரியம்மையின் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பனையேறுகிறவரைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். உயரம், ஆபத்து, பாளை அரிவாள் என்று கண்ணுக்குத் தெரிகிற வீரம் அது. பதநீர் கீழே இறங்கிய பிறகு நடப்பதை எழுதியவர்கள் குறைவு. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால்தான் பதநீர், தடவாவிட்டால் கள். இறக்கிய பதநீர் காத்திருக்காது, அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். விடிலி என்கிற ஓலைக் குடிசைக்குள் அடுப்பு மூட்டி, காய்ந்த ஓலையும் மட்டையும் தள்ளித் தள்ளி, மணிக்கணக்கில் அந்தப் புகைக்குள் இருப்பது பெண்கள்தான். பாகு பதம் வந்துவிட்டதா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். பதம் தப்பினால் அன்றைய கூலி போச்சு. பதம் வந்தால் சிரட்டையில் ஊற்றி ஆற வைக்கவேண்டும்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். பதநீர் கொதிக்கும்போது நுரைத்துப் பொங்கி வழியப் பார்க்கும். அப்போது ஆமணக்கு விதையை நசுக்கி ஒரு சிட்டிகை போடுவார்கள். அவ்வளவுதான், பொங்கியது அப்படியே அடங்கும். சின்னப் பிள்ளையில் நான் அதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். எண்ணெய்ப் பசை நுரைக் குமிழிகளை உடைக்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் மனசில் நின்றது அந்தக் கை. எதையும் பற்ற வைக்காத கை, பொங்குவதை அடக்குகிற கை.

என் இரண்டாவது நாவலின் நாயகி அங்கே பிறந்தாள். தீயை எழுப்புகிற நாயகிகள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவள் பொங்குவதை இறக்குகிறவள். பாலை, ஆற்றை, கூட்டத்தின் வெறியை, ராசாவின் கோபத்தை. எழுத எழுத ஒரு கேள்வி வந்தது. அடங்கியதெல்லாம் எங்கே போகும்? அவள் உடம்புக்குள்தான் போகும். ஒவ்வொரு முறை அடக்கிய பிறகும் அவளுக்குக் காய்ச்சல் அடிக்கும். அந்தக் காய்ச்சலுக்கு யார் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் நாவலின் பாதி நடக்கிறது. பெரியம்மைக்கு அந்த நாவல் பிடித்தது. பிடித்தது என்று சொல்லவில்லை. "கஞ்சிக்குத் தொட்டுக்க என்ன?" என்று மட்டும் கேட்டார்.

இன்னொரு வேலை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அம்பையிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால் சேரன்மகாதேவியைத் தாண்டியதும் பத்தமடை. அந்த ஊர்க் கோரைப் பாயைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த பெருமை ஒன்று உண்டு. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு அங்கிருந்து பாய் போனது என்பார்கள். அதை விடுங்கள், ராணி நம் கதைக்கு வேண்டாம். வேலையைப் பாருங்கள். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அப்புறம் நார் நாராகக் கிழிக்கவேண்டும். எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு நயமான பாய். நூலில் பாவு கட்டி, ஒவ்வொரு கோரையாக ஊடே செலுத்தி நெய்ய வேண்டும். பட்டுப்பாய் என்று சொல்வது சும்மா இல்லை, மடித்தால் துணி மாதிரி மடங்கும். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சேர்த்து நெய்து கொடுப்பார்கள்.

அந்தக் கடைசி வரியில் கொஞ்சம் நில்லுங்கள். முகம் தெரியாத ரெண்டு பேரின் பெயரை ஒருத்தி தன் மடிக்கு எதிரே எழுத்து எழுத்தாக நெய்கிறாள். அந்தக் கல்யாணத்துக்கு அவளுக்கு அழைப்பு வராது. அந்தப் பெயர்கள் வேற்றூர்க்காரர்களுடையதாக இருக்கலாம், வேற்று மதத்தாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ரெண்டு பெயரும் முதன்முதலாக ஒன்று சேர்ந்தது அவள் கையில். இப்போது ஒரே ஒரு முடிச்சைப் போடுங்கள்: சில பெயர்களை நெய்யும்போது மட்டும் கோரை அறுகிறது. எத்தனை தடவை மாற்றிச் செலுத்தினாலும் அதே எழுத்தில் அறுகிறது. அவள் என்ன செய்வாள்? கல்யாண வீட்டாரிடம் போய்ச் சொல்வாளா? சொன்னால் யார் நம்புவார்கள்? பாய்க்கு முன்பணம் வாங்கியாயிற்று, அதை அரிசிக்குச் செலவழித்தும் ஆயிற்று. இந்த நாயகியை நான் எழுதவில்லை. என் கைக்கு அவள் வரவில்லை. உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை: வீட்டில் உட்கார்ந்து எழுதாமல் ஒரு நாள் போய், தறிக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுங்கள். "நாவலுக்காகப் பேட்டி" என்று நோட்டை நீட்டினால் எல்லாரும் சேலையைச் சரிசெய்துகொண்டு செய்தித்தாள் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, பழைய ஏடுகளில் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். முத்துக்குளித்துறையில் எனக்குக் கிடைத்தது சொல்கிறேன். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைகளைப் பார்த்த மார்க்கோ போலோ, முத்துக் குளிப்பைப் பற்றி எழுதும்போது ஒரு கூட்டத்தாரைச் சொல்கிறார். குளிக்கிறவர்களைச் சுறா தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுகிறவர்கள். எடுக்கிற முத்தில் பத்தில் ஒரு பங்கு ராசாவுக்கு, இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கு. வெள்ளைக்காரர் காலத்திலும் இந்த வழக்கம் இருந்தது. கடல்கட்டி என்று பெயர். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு உரிய வேலை.

இதில் மார்க்கோ போலோ போகிறபோக்கில் சொல்லும் ஒன்றுதான் தங்கம். அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். ராத்திரியில் எவனும் திருட்டுத்தனமாக இறங்கி முத்து எடுக்கக் கூடாதல்லவா? சுறாவே காவல்.

மாயாஜாலக் கதை எழுதுகிறவன் இதற்கு மேல் என்ன கேட்பான்? மந்திரம் இருக்கிறது, அதற்கு நேரக்கணக்கு இருக்கிறது, கூலி இருக்கிறது. சட்டம் இருக்கிற இடத்தில் அதை மீறுகிற ஆளும் இருப்பான். கடல்கட்டியின் வீட்டில் ஆண் வாரிசு இல்லாமல் மகள் கட்டுகிறாள் என்று வையுங்கள். ஒரு சாயங்காலம் அவள் அவிழ்க்கவில்லை. ஏன்? உள்ளே போனவன் ஒருவன் இன்னும் மேலே வரவில்லை. ஊரோ "அவிழ்த்துவிடு, முத்துப் போய்விடும்" என்கிறது. இதுவே போதுமான கதை. ஆனால் நான் பெரியம்மையின் கேள்வியை இங்கேயும் போட்டுப் பார்த்தேன். பகல் முழுக்க வாயைக் கட்டினால் சுறா எதைத் தின்னும்? அதற்கும் வயிறு இருக்கிறதே. கட்டுகிறவள் முதல்முறையாகச் சுறாவின் பக்கத்திலிருந்து யோசித்த கணத்தில் நாவல் வேறு திசையில் திரும்பிவிட்டது. இதை ஒரு குறுநாவலாக எழுதினேன். சுமாராகத்தான் வந்தது. கடல் எனக்குக் கரையிலிருந்து மட்டுமே தெரியும், அது எழுத்தில் தெரிந்துவிட்டது. மணப்பாட்டிலோ உவரியிலோ பிறந்த ஒருவர் எழுதினால் என்னைவிட நூறு மடங்கு நன்றாக வரும்.

வேலை கிடைத்தாயிற்று, அடுத்தது காயம். நம்ம ஊரில் காயம்பட்ட பெண்ணின் கதை என்றால் எல்லாருக்கும் முதலில் நினைவு வருவது இசக்கி. கோயில் கொடை ராத்திரியில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். குடமும் உடுக்கையும் ஏற ஏற, வீசுகோல் வில்லில் விழ விழ, அநியாயமாகச் செத்த ஒருத்தி ஆங்காரத்தோடு திரும்பி வருகிற இடத்தில் கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும். அந்த உக்கிரத்தைப் பார்த்துவிட்டு வருகிற இளம் எழுத்தாளர்கள் எல்லாரும் உக்கிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தலைவிரி கோலம், ரத்தக் கண், பழிக்குப் பழி. பத்துப் பக்கத்தில் சலித்துவிடும்.

நான் அங்கே எடுத்துக்கொண்டது பாட்டின் பிற்பகுதியை. விடியப் போகிற நேரம், பாதிப் பேர் தூங்கிப் போயிருப்பார்கள். அப்போதுதான் ஊர் அவளிடம் பேச்சுவார்த்தைக்கு வரும். யாரும் அவளைச் சண்டையில் ஜெயிப்பதில்லை. "உனக்கு என்ன வேணும் தாயி?" என்று கேட்கிறார்கள். ஊர் எல்லையில் ஒரு பீடம், வருசத்துக்கு ஒரு கொடை, இன்ன படையல் என்று பேசி முடிக்கிறார்கள். அவள் அதற்கு மேல் அந்த ஊருக்குக் காவல். கொன்ற ஊரையே காக்கிற பொறுப்பு! இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற அந்த மண் சிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், இவள் மன்னித்துவிட்டாளா, இல்லை கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறாளா? என் மூன்றாவது நாவலின் உச்சகட்டத்தில் போர் கிடையாது, ஒரு பேரம்தான். வாசகர்கள் சிலர் திட்டினார்கள். பரவாயில்லை.

ஒன்று சொல்லவேண்டும். இசக்கி நமக்குக் கதாபாத்திரம் இல்லை. இயக்கி என்ற பெயரில் சிலப்பதிகாரத்திலேயே வருகிறாள். மதுரைப் புறத்தில் பூங்கண் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டு வருகிற மாதரியைத்தான் கவுந்தியடிகள் சந்திக்கிறார். அத்தனை காலமாக அவளுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் வகுப்பில் ரெண்டு இசக்கியம்மாளாவது படித்திருப்பார்கள். அந்தப் பெயரையும் உருவத்தையும் அப்படியே தூக்கி, அதற்குக் காதல் காட்சி வைக்காதீர்கள். கதையின் எலும்பை எடுங்கள், தோலை விட்டுவிடுங்கள். பொதிகைமலைப் பழங்குடிகளான காணிக்காரர்களின் வழக்கங்களுக்கும் இதேதான். பாபநாசத்துக்கு ஒரு நாள் சுற்றுலா போய்விட்டு வந்து மலைமகள் என்று எழுதுவது அசிங்கம்.

நிலக்காட்சி நாயகியைத் தருமா என்று சிலர் கேட்பார்கள். என் அனுபவத்தில் தராது. தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் நகர்வதும், வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள் முங்கிப்போவதும் பார்க்க அற்புதம்தான். கூந்தன்குளத்தில் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பதும் அப்படித்தான். ஆனால் அதெல்லாம் மேடை. மேடையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பேரோடு மாட்டிக்கொண்டது. அந்தத் தண்ணீரை எழுதினால் அது வர்ணனை. தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்க, கையிலிருந்த அரிசியைப் போட்டு ரயிலில் மாட்டியவர்களுக்குப் பொங்கிக் கொடுத்தார்களே சுற்றுவட்டாரத்து மக்கள், அந்த அடுப்படியில் தேடினால் நாயகி கிடைப்பாள்.

பெயர், பேச்சு பற்றி ரொம்ப எழுதத் தேவையில்லை. நாளிதழ்களின் காதுகுத்து வாழ்த்து விளம்பரங்களில் வருகிற புதுப்பாணிப் பெயர்களை என் நாயகிக்கு வைப்பதில்லை. ஆவுடை, உச்சிமாகாளி, வடிவு, பேச்சி, செல்லக்கனி என்று நம் பக்கத்துப் பெயர்களைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பாருங்கள், அதிலேயே ஒரு உலகம் இருக்கிறது. மாயாஜாலம் என்றதும் "வருக இளவரசி, தங்கள் சித்தம்" என்று ஏன் பேசவேண்டும்? ஆச்சி, மைனி, அத்தான், சித்தி என்று கூப்பிடுகிற நாயகி பூதத்தையும் அப்படி ஏதோ ஒரு முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். என் ஒரு நாயகி பூதத்தை "மாமா" என்கிறாள். அந்த ஒரு சொல்லால் பூதத்தின் குணமே மாறிப்போனது. முறை சொல்லிக் கூப்பிட்டவளை எப்படித் தின்ன முடியும்?

கடைசியாக, இப்போது எழுதிக்கொண்டிருப்பவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர் எங்களுக்குப் பக்கம்தான். தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ 1899 தொடங்கித் தோண்டி எடுத்த தங்க நெற்றிப்பட்டங்களைப் பற்றிச் சின்ன வயசிலேயே கேள்விப்பட்டிருக்கிறேன். 2023-ல் திறந்த காட்சிக்கூடத்தில் கண்ணாடித் தரையில் நின்று கீழே முதுமக்கள் தாழிகளைப் பார்க்கலாம். அதெல்லாம் பெரிய ஆட்களின் பொருள்கள். என்னைப் பிடித்தது 2004-ல் மறுபடி அகழ்ந்தபோது கிடைத்த ஒரு பானைத் துண்டு. களிமண்ணைத் தனியாக உருட்டி ஒட்டிச் செய்த உருவங்கள் அதில் இருக்கின்றன. ஒல்லியாக, உயரமாக ஒரு பெண். பக்கத்தில் வாழை மாதிரி ஒரு மரம், அதன்மேல் மீனைக் கவ்வியபடி ஒரு கொக்கு. ஒரு மான். ஒரு முதலை.

வாள் இல்லை, கிரீடம் இல்லை. கை ரெண்டும் சும்மா தொங்குகின்றன. மானும் முதலையும் ஒரே இடத்தில் இருக்கின்றன, நடுவில் இவள் அசையாமல் நிற்கிறாள். ரொம்ப நாள் அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு அலைந்தேன். இவளுக்கு என்ன வேலை? ஆற்றங்கரை என்பது தெரிகிறது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கிறது, ஒவ்வொரு கால்வாயிலும் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துத் திறந்துவிட ஆள் இருப்பதை நாம் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. இவள் ஆற்றுக்கே முறை வைக்கிறவள் என்று தோன்றியது. மான் குடிக்கிற நேரம் முதலை வாயைத் திறக்கக் கூடாது, முதலையின் நேரத்தில் மான் இறங்கக் கூடாது. கொக்குக்கு ஒரு நாளைக்கு இத்தனை மீன். யாரும் அவளை நியமிக்கவில்லை, அவள் போனால் ஆறு நாறிப்போகும்.

இந்த மட்டும் கட்டிவிட்டு, பெருமையாகப் பெரியம்மையிடம் போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் கொக்கைத் தொட்டார். படம் பெரிதாகி விலகியது, மறுபடி தேடிப் பிடித்தார்.

"மீனு கொக்குக்குப் போயிட்டு. முதலைக்கும் நீ ஏதோ வச்சிருப்ப. இவளுக்கு என்னட்டி வச்சிருக்க?"

நாலு மாசமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.